கமாலுக்குப் பின்னால் சிகாமணி, சிகாமணிக்குப் பின்னால் நான்

நீ வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாய். இல்லை என்று என் கண்ணைப் பார்த்துச் சொல், பார்க்கலாம். சொல்ல மாட்டாய். மேடையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டு, யாரோ மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்த பிரியாணியில் முட்டையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருக்கிறாய். பெற்ற தகப்பன் வரிசையில் காலித் தட்டோடு நிற்கிறான். உனக்குப் பின்னால் சுவர் நிறைய உன் திரை. திரையில் ஆறாவது வரி நான். கோதண்டம். நேற்று சாயங்காலம் இதே திரையில் நான்காவது வரியில் இருந்தேன். நடுவில் நான் ஒரு காயைத் தொட்டேனா? இல்லை. வேறு யாராவது தொட்டார்களா? அதுவும் இல்லை. லீக் ஆட்டமெல்லாம் நேற்றே முடிந்து, கேரம் போர்டுகளைத் துடைத்து, சமுதாயக் கூடத்துச் சுவரில் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போய் ரசம் சோறு சாப்பிட்டுப் படுத்தேன், எழுந்தேன், குளித்தேன், சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்தேன். தூங்கி எழுந்ததற்கு இரண்டு இடம் கீழே இறக்குவது எந்த ஊர் நியாயம்? அப்படியென்றால் சிகாமணி தூங்கவில்லையா? தூங்கியிருப்பான். குறட்டை விட்டுத் தூங்கியிருப்பான், அவன் குறட்டை எனக்குத் தெரியும், திருப்பதிக்கு ஒரே வண்டியில் போனோமே. தூங்கிவிட்டு ஐந்தாவதாக எழுந்திருக்கிறான். எனக்கு மேலே. நாலு பேர்தான் தூத்துக்குடிப் போட்டிக்குப் போகிறார்கள். சாப்பாடு முடிந்ததும் கேரம் சங்கச் செயலாளர் பன்னீர் மைக்கைத் தட்டி நாலு பேர் பெயரைப் படிப்பான், நாலு பேருக்கும் சட்டை அளவு எடுப்பான். முதல் மூன்று பேரைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. அவர்கள் ஆட்டம் வேறு ரகம். நாலாவது இடம் என்னுடையது. நேற்று வரைக்கும் என்னுடையது. இன்றைக்கு அந்த வரியில் கமாலுதீன் என்று எழுதியிருக்கிறது. கமால் பாயை நான் அடித்தேன். இந்தக் கூடத்தில், அந்த மின்விசிறிக்குக் கீழே, ரெட்டும் போட்டு ஃபாலோவும் போட்டு அடித்தேன். நான் அடித்தவன் எனக்கு மேலே, நான் அவனுக்கு இரண்டு படி கீழே. இதைக் கம்ப்யூட்டர் செய்தது என்கிறாய். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அதற்கு நீ சொன்னது தெரியும்.

வரிசை நகரவில்லை. மேடைக்கு எடுத்தபின் மூடிய பிரியாணி தேக்சாவை மறுபடி திறக்க ஆள் இல்லையாம், கரண்டி தேடுகிறார்களாம். என் மூக்குக்கு நேரே சிகாமணியின் கழுத்து. கழுத்தில் பவுடர். இந்த வயதில் கழுத்துக்குப் பவுடர் போடுகிற ஆண்பிள்ளையை உன் சித்தப்பாவைத் தவிர நான் பார்த்ததில்லை. ஒரே பந்தலில் அக்காவை நான் கட்டினேன், தங்கையை அவன் கட்டினான். அன்றைக்கு மாமனார் எனக்குப் போட்டது ஒரு மோதிரம், அவனுக்கும் அதே மோதிரம், ஆனால் அவனுடையதில் சிவப்புக் கல். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கல் எனக்கு உறுத்துகிறது. அவன் வாங்கின ஃபிரிட்ஜை விட ஒரு சாண் உயரமாக நான் வாங்கினேன். அவன் பெண் கணக்கில் எத்தனை, நீ எத்தனை என்று கேட்டுக் கேட்டுத்தான் உன்னைப் படிக்கவைத்தேன். நீயும் அவள் பெயரைச் சொன்னாலே ரிமோட்டை எடுத்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டுவாய். சரி, அதை விடு. நேற்று அவன் என்னை அடித்தது உண்மைதான். நான் மறைக்கவில்லை. ரெட்டுக்கு ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறிபார்க்கிறேன், நேர் அடி, சின்னப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு போடுகிற அடி. ஆள்காட்டி விரல் ஸ்ட்ரைக்கரைத் தொடுவதற்கு முன்னாலேயே லேசாக... வேண்டாம். பவுடர் அதிகம். "எவன்டா இவ்ளோ பவுடர் கொட்டினது? போர்டா, மாவு மில்லா?" என்று கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. கத்தினால் எல்லாரும் வாயைத்தான் பார்ப்பார்கள், கையைப் பார்க்க மாட்டார்கள். புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடை போட்ட முதல் வருஷம் கற்றுக்கொண்டது அது. கீறல் விழுந்த எஞ்சினை விற்கிறவன் எஞ்சின் பக்கத்தில் நின்று பேசக்கூடாது, அந்தக் கோடியில் நின்று சத்தம் போட வேண்டும். சிகாமணி மட்டும் திரும்பவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பவுடரைத்தான் பார்த்தானா? அவன் பார்த்திருந்தால் பரவாயில்லை, எதிராளி, அவன் வேலை பார்ப்பது. நீ பார்த்தாயா என்பதுதான் விஷயம். சட்டைப் பொத்தானைப் போடும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். கடைச் சாவியை இடது கையால் திருப்பப் பழகிவிட்டேன். ஆனால் காபி? ஒருநாள் காலையில் டம்ளர் டபராவில் கிணுகிணுவென்று தட்டியது. மறுநாளிலிருந்து எனக்கு அரை டம்ளர் காபிதான் வருகிறது. தீர்ந்ததும் இன்னொரு அரை டம்ளர். முழு டம்ளர் எங்கே என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாயோ என்று பயம். அதனால்தான் சொல்கிறேன், நீ வேண்டுமென்றே செய்திருக்கிறாய். அப்பா தூத்துக்குடியில் போய் ஊர் பேர் தெரியாதவன் முன்னால் கையை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று, காபியைப் பாதியாக்கின மாதிரி, சத்தம் போடாமல் என்னை இரண்டு படி இறக்கியிருக்கிறாய். பரிதாபம். எனக்கு. புதுப்பேட்டை கோதண்டத்துக்கு.

உன்னை இங்கே யார் கொண்டுவந்தது? நான். அதைச் சொல்லிக் காட்டாமல் விட மாட்டேன். வருஷா வருஷம் பன்னீர் வெள்ளைச் சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் ரேங்க் போடுவான், வருஷா வருஷம் சார்ட் கிழியும். ஒருமுறை கிழித்தது நான். பொதுக்குழுவில் எழுந்து, "எம்பொண்ணு சிறுசேரில வேலை பார்க்குது, கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுக்கும், ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது" என்றேன். கைதட்டினார்கள். அப்புறம் விதி. எல்லாரும் சமமாக ஜெயித்திருந்தால் யாரை மேலே வைப்பது? பன்னீர் புள்ளி வித்தியாசம் என்றான். நான் மேஜையைத் தட்டினேன். "இன்னாயா புள்ளி? நோஞ்சான அம்பது புள்ளில அடிச்சவன் பெரிய ஆளா? நேர்ல உக்காந்து யார் யார அடிச்சான்னு பாரு. அடிச்சவன் மேல, அடி வாங்கினவன் கீழ. அவ்ளோதான் ரூலு." மறுபடி கைதட்டினார்கள். தட்டாதவர்களை நான் பார்த்தேன், பிறகு அவர்களும் தட்டினார்கள். அந்த விதியை வீட்டுக்குக் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தேன். நீ மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "நைனா, இது எப்பவும் ரெண்டு பேரத்தான் பார்க்கும். மூணாவதா ஒருத்தர் இருக்கறதே அதுக்குத் தெரியாது" என்றாய். அதுதான் எனக்கு வேண்டும் என்றேன். வியாபாரமே அதுதானே? வாங்குகிறவன் ஒருத்தன், விற்கிறவன் ஒருத்தன். மூன்றாவதாக ஒருத்தன் உள்ளே வந்தால் தரகு, வம்பு, போலீஸ். நீ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இன்னொன்று கேட்டாய். "சரி, சுத்திக்கிட்டு வந்தா இன்னா பண்றது?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஜெயிக்கிறது இன்னா ராட்டினமா, சுத்திக்கிட்டு வர்றதுக்கு? போடச் சொன்னதப் போடு." நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. உன் அம்மா சிரிப்பு அது. நான் விலை பேசி வாங்கிவந்த மிக்சியைப் பார்த்துச் சிரித்தாளே, அதே சிரிப்பு. அந்த மிக்சியும் ஓடவில்லை.

ஆச்சு, கரண்டி கிடைத்துவிட்டது. மூடியைத் திறந்தார்கள். வாசனைக்கு வரிசை ஒரு அடி முன்னால் போய், அப்படியே நின்றது. கமால் பாய் முன்னால், அவருக்குப் பின்னால் சிகாமணி, சிகாமணிக்குப் பின்னால் நான். திரையைப் பார்த்தேன். நாலு, ஐந்து, ஆறு. வரிசையைப் பார்த்தேன். அதேதான். திரை எங்களைப் பார்த்து எழுதியதா, நாங்கள் திரையைப் பார்த்து நிற்கிறோமா? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், திரையில் என் வரி மட்டும் இரண்டு வரியாக இருக்கிறது, கம்பீரமாக. "கோதண்டம்" என்று மொட்டையாக இல்லை. நேற்று அப்படித்தான் மொட்டையாக இருந்தது. சிகாமணிக்கு மட்டும் பெயருக்குக் கீழே "கிளை மேலாளர், ஓய்வு" என்று எழுதியிருந்தாய். ஓய்வு பெற்றவனுக்கு என்ன பதவி? நேற்று ராத்திரி வீட்டில் கேட்டேன். "அவர் ஃபாரத்துல எழுதியிருந்தாரு, போட்டேன்" என்றாய். எனக்கும் போடு என்றேன். "இப்ப மாத்தினா சிக்கல் நைனா, அந்த எடத்துல எழுத முடியாது, உங்கள எடுத்துட்டு மறுபடி போடணும். டோர்னமெண்ட் முடியட்டும்" என்றாய். முடிந்த பிறகு எவன் பார்ப்பான்? எடுத்துவிட்டுப் போடு என்றேன். நீ மாட்டேன் என்றாய். நான் விடவில்லை. மகள் என்றால் பேரம் கிடையாதா? கடைசியில் நீ பெருமூச்சு விட்டு, என்னை அழித்து, மறுபடி எழுதினாய். "செயற்குழு உறுப்பினர், பழைய உதிரிபாக வியாபாரிகள் நலச் சங்கம்." அழகாக இருக்கிறது. ஆறாவது இடத்தில் அழகாக இருக்கிறது.

நீ இறங்கி வருகிறாய். ஒரு கையில் தயிர் வெங்காயம். யாருக்கு? எனக்காம். இந்த ஐஸ் எல்லாம் வேண்டாம். கூடத்தில் எல்லாரும் பார்க்கிறார்கள், கோதண்டம் பெண்ணைத் திட்டப் போகிறான் என்று சிலர் தட்டோடு கிட்டே நகர்ந்துகூட வந்துவிட்டார்கள். நான் சிரித்த முகமாக வைத்துக்கொண்டு பல்லுக்கு நடுவில் கேட்டேன், "இன்னாடி பண்ணி வெச்சிருக்க?" நீயும் சிரித்த முகமாக, "நான் ஒண்ணும் பண்ணல. நீங்கதான் மாத்தச் சொன்னீங்க" என்றாய். "பதவியத்தானே மாத்தச் சொன்னேன், எடத்தயா மாத்தச் சொன்னேன்?" "நைனா, நீங்க மொதல்ல பேரு குடுத்தீங்க. பட்டியல்ல மொதல்ல இருந்தீங்க. நேத்து உங்கள எடுத்துட்டு மறுபடி போட்டேன்ல, கடைசில போய் நின்னுட்டீங்க." நின்றால்? அடித்தவன் மேலே என்பதுதானே விதி, முதலில் நின்றால் என்ன, கடைசியில் நின்றால் என்ன? நீ சிகாமணி முதுகைக் கண்ணால் காட்டினாய். "இந்தக் க்யூவையே பாருங்க. புதுசா வர்றவரு கடைசிலதான் நிக்கணும். தனக்கு முன்னாடி நிக்கறவர மட்டும் பார்க்கணும். அவர அடிச்சிருந்தா தாண்டிப் போலாம், அடிக்கலன்னா அங்கயே நிக்கணும். நீங்க இப்ப வந்து நின்னீங்க. முன்னாடி யாரு?" முன்னாடி சிகாமணி. "அவர அடிச்சீங்களா?" நான் காலித் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். "அடிக்கல. நின்னுட்டீங்க. பாய் வரைக்கும் உங்களால போகவே முடியாது. நீங்க பாய அடிச்சீங்க, பாய் சித்தப்பாவ அடிச்சாரு, சித்தப்பா உங்கள அடிச்சாரு. மூணு பேருக்கும் ஜெயிச்ச எண்ணிக்கை சமம். அன்னிக்கே கேட்டேன், சுத்திக்கிட்டு வந்தா இன்னா பண்றதுன்னு." நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான் கமாலை. கமால் சிகாமணியை. சிகாமணி என்னை. மறுபடி நான் கமாலை. தலை சுற்றியது. ராட்டினம் என்று நான்தான் சொன்னேன், இல்லையா? அந்த வார்த்தையை யார் என் வாயில் போட்டது? "ரெண்டு ரெண்டு பேரா நிக்கவெச்சு ஒசத்தி தாழ்த்தி பார்க்கறதுல இதான் தொல்ல. இது கம்ப்யூட்டர்ல கத்துக்கிட்டது இல்ல நைனா, நம்ம வீட்ல கத்துக்கிட்டது" என்றாய். அதைச் சொல்லிவிட்டு என் தட்டில் தயிர் வெங்காயத்தை வைத்தாய்.

அப்படியானால் பரிதாபம் இல்லை. நீ என்னை இறக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் கோபத்தைத் திருப்பி வைக்க இடம் தெரியாமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். நீ குரலை இன்னும் இறக்கினாய். "மறுபடி உங்க பேர மேல ஏத்திப் போட்டா நாலாவது நீங்கதான். பதவியும் அப்படியே இருக்கும். எது சரின்னு உங்க ரூல்ல இல்ல. ஏத்தட்டுமா?" ஏத்தட்டுமா. அவ்வளவு சுலபமாக. ஒரு தட்டு தட்டினால் தூத்துக்குடி. வெள்ளைச் சட்டை, முதுகில் சங்கத்தின் பெயர், ரயிலில் கீழ்ப் படுக்கை. இங்கே யார் முன்னாலும் உட்கார வேண்டாம், கையை யாருக்கும் காட்ட வேண்டாம். அங்கே போய் ஆட்டம் ஆரம்பிக்கும் வரைக்கும் தைரியமாக இருக்கலாம். அடுத்த வருஷம் இந்த விரல் ஸ்ட்ரைக்கரைத் தள்ளுமா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடம் போனால் அவர் சொல்லிவிடுவார், அதனால் போகவில்லை. இந்த வருஷம்தான். ஏத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது ஒரு சத்தம். கிணுகிணு. எங்கேயோ டம்ளர் தட்டுகிற மாதிரி. என் தட்டில் தயிர் வெங்காயத்தோடு வந்த சின்னக் கரண்டி, தட்டின் விளிம்பில் தட்டித் தட்டி ஒலித்துக்கொண்டிருந்தது. தட்டு பீங்கான் மாதிரி ஒரு சாமான், சத்தம் நன்றாகக் கேட்கிறது. நான் கத்தியிருக்க வேண்டும். சோறு எங்கே, கறி எங்கே, எவன் சமையல் என்று ஏதாவது கத்தியிருக்க வேண்டும். கத்துவதற்குள் நீ உன் கட்டைவிரலைக் கரண்டி மேல் வைத்துவிட்டாய். சத்தம் நின்றது. நீ என்னைப் பார்க்கவில்லை. தேக்சாவைப் பார்த்தபடி, "இன்னிக்குக் கறி நெறய போட்டிருக்காங்க" என்றாய்.

அப்போதுதான் சிகாமணி திரும்பினான். இரண்டு வருஷமாக நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசாதவன். தட்டைப் பார்த்தான், உன் விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னா சகல, நீ முன்னாடி போயேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றான். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிண்டல் செய்திருந்தால் அவனுக்குக் கல் மோதிரத்திலிருந்து ஆரம்பித்திருப்பேன். "எனக்கு எவனும் எடம் உட வேணாம்" என்றேன். கமால் பாய் திரும்பி, "சண்ட போடாதீங்க பாய்ங்களா, நீங்க ரெண்டு பேருமே எனக்கு முன்னாடி போங்க" என்று ஒதுங்கினார். சிகாமணி, "நீங்க போங்க பாய், நீங்கதான் என்ன அடிச்சவரு" என்றான். பாய், "உங்க சகல என்ன அடிச்சவரு, அவரு போட்டும்" என்றார். நான் எப்படிப் போவேன், சிகாமணி என்னை அடித்தவன் ஆயிற்றே, அவன் அல்லவா எனக்கு முன்னால் போக வேண்டும்? மூன்று பேரும் சோறில்லாத தட்டோடு, என் கரண்டியை விடாமல் நீயும் கூடவே வர, ஒருவருக்கொருவர் வழி விட்டுக்கொண்டு தேக்சாவை அரைச் சுற்று சுற்றிவிட்டோம். பரிமாறுகிற அம்மா கரண்டியை ஓங்கி, "யாராச்சும் ஒருத்தரு மொதல்ல வாங்கய்யா! இன்னா கும்மியா அடிக்கிறீங்க?" என்றாள். பின்னால் முழு வரிசையும் சிரித்தது. பன்னீர் மேடையில் மைக்கைத் தட்டிப் பார்க்கிறான். டொக், டொக். இன்னும் கொஞ்ச நேரத்தில் படித்துவிடுவான்.

இப்போது கேள். வாயால் சொன்னால் குரல் ஒரு மாதிரி வரும், அதனால் நின்ற இடத்திலிருந்தே சொல்கிறேன், நீ என் மகள், உனக்குக் கேட்கும். நான் வாழ்க்கையில் துருப்பிடித்த சாமான் வாங்கியிருக்கிறேன், ஓடாத மிக்சி வாங்கியிருக்கிறேன், ஆனால் பேரம் பேசாமல் எவன் கையிலிருந்தும் எதையும் வாங்கினதில்லை. எதிராளி எதிரே உட்கார வேண்டும், அவன் ஒன்று சொல்ல வேண்டும், நான் ஒன்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் சாமான் கை மாறும். பட்டியலில் யார் முதலில் நின்றான் என்று கிடைக்கிற நாலாவது இடம் எனக்கு எதற்கு? என் பெயரை மேலே ஏற்றாதே. கீழேயும் இறக்காதே. போய் அந்த நாலு, ஐந்து, ஆறு மூன்றையும் எடுத்துவிட்டு ஒரே வரியில் மூன்று பெயரையும் எழுது. பதவி வேண்டாம், இடம் போதாது, எடுத்துவிடு. சிகாமணியுடையதையும் எடு, அதை மட்டும் விட்டுவிடாதே. பன்னீரிடமிருந்து மைக்கை வாங்கி, சாய்த்து வைத்த போர்டில் ஒன்றை இறக்கச் சொல். மூன்று பேரும் மறுபடி உட்காருகிறோம். மறுபடியும் சுற்றிக்கொண்டு வந்தால் பன்னீர் சொன்ன புள்ளி வித்தியாசத்தைப் பார்த்துக்கொள், ஆனால் நான் ஒப்புக்கொண்டதாக அவனிடம் சொல்லாதே, சட்டத்தில் வேறு வழியில்லை என்று சொல். பவுடர் கொஞ்சமாகப் போடச் சொல். பவுடர் மேல் இந்தமுறை பழி போட மாட்டேன். ஸ்ட்ரைக்கர் போகிற இடத்துக்குப் போகட்டும், விரல் ஆடுவதை இந்தக் கூடமே பார்க்கட்டும், பார்த்துவிட்டு ஆறாவது என்றால் ஆறாவது, நான் ஆடி வாங்கின ஆறாவது. சோறு ஆறினால் ஆறட்டும். முதலில் கரண்டியிலிருந்து கட்டைவிரலை எடு. சத்தம் வரட்டும், வந்தால் என்ன? விரலை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஏறு. நீ எழுதினது அது. போய் நீயே சரி பண்ணு.